வங்கி கணக்கை மூடும்போது: சிங்கப்பூரில் எந்தச் சேவை கைகொடுக்கும், எது பேருக்கு இருக்கிறது

“உங்கள் கணக்கை முடித்துக்கொள்கிறோம்” என்று வங்கியிலிருந்து கடிதம் வந்தால் பெரும்பாலானவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கிரெடிட் ஸ்கோர்தான். மதிப்பெண் சரிந்துவிட்டது, அதனால் வங்கி கைகழுவிவிட்டது என்று தாங்களே முடிவுகட்டிக்கொண்டு, அடுத்த வங்கியின் படியேறவே கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சம் பாதி நேரம் தேவையில்லாதது. மூடப்பட்டது எந்தக் கணக்கு என்று பார்த்த பிறகுதான், இதற்கும் மதிப்பெண்ணுக்கும் சம்பந்தம் உண்டா என்பதையே சொல்ல முடியும்.

கடன் அட்டையும் சேமிப்புக் கணக்கும் ஒரே செயலியில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிவதால் வரும் குழப்பம் இது. சேமிப்புக் கணக்கில் இருப்பது உங்கள் பணம். அட்டையில் இருப்பது வங்கியின் பணம். மதிப்பெண் சரிந்தால் வங்கி தன் பணத்தைத்தான் திரும்ப இழுக்கும்: கடன் அட்டை, கிரெடிட் லைன், ஓவர்டிராஃப்ட். சேமிப்புக் கணக்கு மூடப்படுவதற்குப் பெரும்பாலும் வேறு மூன்று காரணங்கள் இருக்கும். இருப்பு வற்றியிருக்கும், அடையாள ஆவணம் காலாவதியாகியிருக்கும், அல்லது பணம் வந்து போகும் விதம் வங்கியின் கண்ணை உறுத்தியிருக்கும். இரண்டு கணக்குக்கும் இடையே ஒரே ஒரு கதவு உண்டு, அது ஆபத்தான கதவு. அதைப் பற்றிப் பின்னால்.

அந்தக் கடிதத்தில் தொடங்கி, கடன் அறிக்கை, குறைந்த இருப்புக் கணக்குகள், கடன் ஆலோசனைச் சேவைகள் வரை ஒவ்வொன்றும் எந்த அளவு பயன்படும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

கடிதம்: தரம் மோசம்

சேவை என்ற அளவில் இந்தக் கடிதத்துக்குத் தேர்ச்சி மதிப்பெண்கூடப் போட முடியாது. இரண்டு பத்தி இருக்கும், காரணம் இருக்காது, “விதிமுறைகளின்படி” என்ற ஒரு சொல் இருக்கும். ஆனாலும் அதில் மூன்று தகவல்களைத் தோண்டி எடுக்கலாம்.

முதலாவது, கணக்கு எண். இலக்கங்களை எண்ணிப் பாருங்கள். 16 இலக்கம் என்றால் அட்டை. பிஓஎஸ்பி சேமிப்புக் கணக்கு 9 இலக்கம், டிபிஎஸ் 10 இலக்கம். நடுவில் எக்ஸ் போட்டு மறைத்திருந்தாலும் நீளத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது, மூடும் தேதி. அந்தத் தேதிக்குப் பிறகு சம்பளம் வந்தால் திரும்பிப் போகும், கைரோ (கணக்கிலிருந்து மாதாமாதம் கட்டணங்கள் தானாகப் போகும் ஏற்பாடு) போகாது. மூன்றாவது, மிச்சப் பணத்தை எப்படித் தரப்போகிறார்கள் என்பது. வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றலாம், அல்லது கேஷியர்ஸ் ஆர்டராக, அதாவது வங்கியே எழுதித் தரும் காசோலையாக, பதிவான முகவரிக்கு அனுப்பலாம். வீடு மாறியும் முகவரியை மாற்றாமல் விட்டவர்களின் பணம் இந்த இடத்தில்தான் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறது.

“அக்கா, ஏன் மூடுறீங்கன்னு மட்டும் சொல்லுங்க” என்று கவுன்டரில் எத்தனை முறை கேட்டாலும் பதில் வராது. முகப்பு ஊழியருக்குப் பல நேரம் உண்மையிலேயே தெரியாது. தெரிந்தாலும் சந்தேகப் பரிவர்த்தனை தொடர்பான விஷயமென்றால் வாய் திறக்க முடியாது. வங்கி காவல்துறைக்கு அறிக்கை அனுப்பியதை வாடிக்கையாளரிடம் கசியவிடுவது சிங்கப்பூர்ச் சட்டப்படி குற்றம். ஆகவே கவுன்டரில் மல்லுக்கட்டுவது வீண். “எந்தத் தேதியில் மூடுகிறீர்கள், மிச்சத்தை எங்கே அனுப்புவீர்கள், இதே வங்கியில் உள்ள என் மற்ற கணக்குகளும் மூடப்படுமா?” என்று கேளுங்கள். இந்த மூன்றும் அவர்கள் பதில் சொல்லக்கூடிய கேள்விகள்.

அட்டை எப்படி மூடப்படுகிறது

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். அட்டையில் 4,200 வெள்ளி நிலுவை. உள்ளூர்ப் பெரிய வங்கிகளில் ஆண்டு வட்டி ஏறக்குறைய 27.8 விழுக்காடு. ஒரு மாத வட்டி 97 வெள்ளி 30 காசு. குறைந்தபட்சக் கட்டணம் வழக்கமாக நிலுவையில் 3 விழுக்காடு அல்லது 50 வெள்ளி, எது அதிகமோ அது. இங்கே 126 வெள்ளி. கட்டிய 126-இல் 97 வட்டிக்குப் போக, அசல் குறைவது 29 வெள்ளிகூட இல்லை. அந்த 126-ஐயும் கட்டத் தவறினால் தாமதக் கட்டணம் 100 வெள்ளி. அப்போது ஒரே மாதத்தில் கடன் 197 வெள்ளி கூடுகிறது.

கடன் 60 நாள் தாண்டிவிட்டால் விவகாரம் வங்கியின் கையைவிட்டுப் போய்விடும். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி அந்த அட்டையில் புதிதாக எதையும் தேய்க்க விடக்கூடாது. மற்ற வங்கிகளும் அந்த நபருக்குப் புது அட்டை தரக்கூடாது, வரம்பை உயர்த்தக்கூடாது. இதற்கு மேல் இன்னொரு வரம்பும் உண்டு. வட்டி ஏறிக்கொண்டிருக்கும் பிணையில்லாக் கடன் எல்லா வங்கிகளிலும் சேர்த்து மாத வருமானத்தைப்போல் 12 மடங்கைத் தாண்டி, அப்படியே தொடர்ந்து மூன்று மாதம் இருந்தால், எல்லா வங்கிகளும் கதவை அடைக்கும். இந்த 12 மடங்கு வரம்பு 2019 ஜூனில் வந்தது. அதற்கு முன் 18, அதற்கும் முன் 24. மாதம் 2,800 வெள்ளி சம்பளக்காரருக்கு எல்லை 33,600 வெள்ளி. கல்வி, மருத்துவம், தொழிலுக்காக வாங்கிய கடன்கள் இதில் சேராது.

“ஒரு வங்கியில்தானே பாக்கி, மற்ற வங்கிக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்குப் பதில் அடுத்த பகுதியில்.

கடன் அறிக்கை: கொடுத்த காசுக்கு மேல் பயன்

வங்கிகள் தங்கள் வாடிக்கையாளர்களின் கடன் விவரங்களைக் கிரெடிட் பியூரோ சிங்கப்பூரிடம் பகிர்கின்றன, மற்ற வங்கிக்குத் தெரிவது அப்படித்தான். அது தரும் தனிநபர் அறிக்கையைச் சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) வழியாக இணையத்திலேயே வாங்கலாம். பத்து வெள்ளிக்குள் முடிந்துவிடும். காசே கொடுக்காமல் வாங்கவும் வழி உண்டு. புதிய கடனுக்கோ அட்டைக்கோ விண்ணப்பித்து, வங்கி ஒப்புக்கொண்டாலும் நிராகரித்தாலும், அந்தப் பதில் கடிதம் வந்த 30 நாளுக்குள் இலவசப் பிரதி எடுக்கலாம். நிராகரிப்புக் கடிதத்தைக் கோபத்தில் கிழித்துப் போடுபவர்கள் இந்தச் சலுகையையும் சேர்த்துக் கிழிக்கிறார்கள்.

மதிப்பெண் 1000 முதல் 2000 வரை. 1911-க்கு மேல் ஏஏ தரம், 1723-க்குக் கீழ் எச்எச் தரம். நொடிப்பு (திவால்) அல்லது வாராக்கடன் பதிவு இருந்தால் எண்ணே வராது. அந்த இடத்தில் எச்எக்ஸ், எச்இசட் போன்ற குறி நிற்கும். கடன் வரலாறே போதாதவருக்கு சிஎக்ஸ் வரும். அது கெட்ட பெயர் அல்ல, வெற்றுத்தாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆனால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்தால் பாதிக் காசு வீண். உள்ளே கணக்கு வாரியாக 12 மாதக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்து. ஏ என்றால் ஒழுங்காகக் கட்டியது, அல்லது தாமதம் 30 நாளுக்குள். பி என்றால் 30 முதல் 59 நாள். சி என்றால் 60 முதல் 89. டி என்றால் 90-ம் அதற்கு மேலும். கட்டங்களை வரிசையாக ஓட்டிப் பாருங்கள். ஏ ஏ ஏ பி ஏ ஏ என்று இருந்தால் ஒரு மாதம் கைரோ தவறியிருக்கும், அதற்காக எந்த வங்கியும் கணக்கை மூடாது. ஏ பி சி டி என்று படியிறங்கினால் அட்டை மூடப்பட்ட காரணம் அங்கேயே இருக்கிறது. கணக்கை வாடிக்கையாளரே மூடினாரா, வங்கி மூடியதா என்பதும் தனிக் குறியாகத் தெரியும். அடுத்த வங்கி பார்ப்பது இதைத்தான். அதனால் கடிதம் வருமுன்பே நிலுவையைத் தீர்த்து, நீங்களே மூடச் சொல்வது எப்போதும் மேல்.

இந்த அறிக்கையில் இல்லாதவையும் முக்கியம். சேமிப்புக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, வங்கி எந்தச் சேமிப்புக் கணக்கை மூடியது, எஸ்பி குழும மின்கட்டணப் பாக்கி என்ன, ஊரில் உள்ள சிபில் மதிப்பெண் என்ன, எதுவும் இங்கே வராது. 300-இலிருந்து 900 வரை போகும் சிபில் இந்தியாவோடு சரி. ஊரில் நகைக்கடன் ஏலத்துக்குப் போன கதை இங்கே யாருக்கும் தெரியாது, ஊரில் 850 வைத்திருப்பதால் இங்கே யாரும் தட்டிக்கொடுக்கவும் மாட்டார்கள். உரிமம் பெற்ற கடன்கொடுப்போரிடம் வாங்கியதற்கும் தனிப் பதிவகம் இருக்கிறது. கிரெடிட் பியூரோவில் சுத்தமாக இருப்பதால் அங்கே கடன் இல்லை என்று ஆகிவிடாது.

தவறு இருந்தால் பியூரோவிடம் முறையிடலாம், ஆனால் அவர்களாக எதையும் அழிக்கமாட்டார்கள். தகவல் தந்த வங்கியிடம் கேட்டு, வங்கி ஒப்புக்கொண்டால்தான் மாறும். கட்டிய ரசீது, வங்கியின் உறுதிக் கடிதம் இரண்டையும் முதல் தடவையே இணைத்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பந்தாடுவார்கள். வாராக்கடனை முழுதாக அடைத்தாலும் அந்தப் பதிவு 3 ஆண்டு நிற்கும். நொடிப்பு நிலையிலிருந்து விடுபட்டவருக்கு 5 ஆண்டு.

அந்த ஆபத்தான கதவு

அட்டைக் கடனும் சேமிப்புக் கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால், வங்கி சேமிப்பிலிருந்து எடுத்துக் கடனுக்கு ஈடுகட்டலாம். கணக்குத் திறக்கும்போது கையெழுத்திட்ட விதிமுறையில் அந்த உரிமை எழுதப்பட்டிருக்கும். சம்பளம் 28-ஆம் தேதி விழுந்து, 29-ஆம் தேதி இருப்பு பூஜ்யமாவது இப்படித்தான். கூட்டுக் கணக்கும் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். கணவரின் அட்டைக் கடனுக்கு மனைவி பெயரும் சேர்ந்த கணக்கிலிருந்து எடுக்கப் பல வங்கிகளின் விதிமுறைகள் இடம் தருகின்றன.

யாரும் எச்சரிக்காத இடம் ஒன்று இருக்கிறது. மத்திய சேம நிதிப் பணம் (சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேரும் சேமிப்பு) அந்த நிதிக் கணக்கிலேயே இருக்கும்வரை கடன் கொடுத்தவர் தொட முடியாது. ஆனால் 55 வயதில் எடுக்கும் பணம், பேநவ்வில் (எண்ணை வைத்தே உடனடியாகப் பணம் அனுப்பும் சேவை) அடையாள அட்டை எண்ணோடு இணைத்த கணக்குக்கு நேராகப் போகலாம். அது கடன் பாக்கியுள்ள வங்கியின் கணக்காக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பொருள் சேவை வரிப் பற்றுச்சீட்டின் ரொக்கமும் அதே வழியில்தான் வரும். பேநவ்வில் அடையாள அட்டை எண் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். இதைச் சொல்வது கடனை ஏமாற்றுவதற்கு அல்ல. வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிச் செலவும் போன பிறகு மிச்சத்தில் எவ்வளவு கட்ட முடியும் என்று வங்கியோடு பேசுவதற்கு, சம்பளம் கையில் இருக்க வேண்டும்.

இருப்பு வற்றும் கணக்கு

சேமிப்புக் கணக்கு மூடப்படும் கதை பெரும்பாலும் சின்னத் தொகையில் தொடங்குகிறது. குறைந்தபட்ச இருப்பு என்று வங்கி சொல்வது மாதக் கடைசியில் இருக்கும் தொகையை அல்ல, தினசரிச் சராசரியை. 30 நாள் மாதத்தில் 10 நாள் 1,200 வெள்ளியும் 20 நாள் 140 வெள்ளியும் இருந்தால், மொத்தம் 14,800. அதை 30-ஆல் வகுத்தால் 493 வெள்ளி 33 காசு. வரம்பு 500 என்றால், ஏழு வெள்ளிக்கும் குறைவான பற்றாக்குறைக்கு 2 வெள்ளி பிடித்துவிடுவார்கள். சம்பளம் வந்த அன்றே முழுவதையும் ஊருக்கு அனுப்பிவிடுபவர்களுக்கு இந்தச் சராசரி எப்போதுமே எட்டாது. இரண்டு நாள் தள்ளி அனுப்புவது பெரும்பாலும் போதாது, பல நாள் பணம் கணக்கில் நிற்க வேண்டும்.

கணக்கின் வகையைப் பொறுத்து அடி மாறும். பிஓஎஸ்பி பாஸ்புக் சேமிப்பில் வரம்பு 500, கட்டணம் 2. ஓசிபிசி 360-இல் 3,000-க்கு 2. யுஓபி ஒன்னில் 1,000-க்கு 5. டிபிஎஸ் மல்டிப்ளையரில் 3,000-க்கு 5. புதுக் கணக்குக்கும் இளையர்களுக்கும் சில மாதமோ சில ஆண்டோ தள்ளுபடி உண்டு. அது முடியும் தேதியை யாரும் தட்டிச் சொல்லமாட்டார்கள். யுஓபி ஒன்னில் மறந்துபோன 42 வெள்ளி, மாதம் 5 வெள்ளி வீதம் ஒன்பது மாதத்தில் காணாமல்போகும். பிறகு பூஜ்ய இருப்புக் கணக்கை மூடும் உரிமை வங்கிக்கு. இதனால் கடன் மதிப்பெண்ணுக்கு ஒரு கீறலும் விழாது. கூடுதல் வட்டி தருகிறேன் என்று கூப்பிடும் கணக்குகளெல்லாம் மாதாமாதம் சம்பளம் விழுந்து, அட்டையில் 500 வெள்ளி செலவாகும் ஆளுக்காகச் செய்தவை. வருமானம் ஏறி இறங்குபவர் அதைத் திறப்பது, காலுக்குச் சேராத செருப்பை விலை குறைவு என்று வாங்குவது மாதிரி.

மாற்றுக் கணக்குகளில் எது தேவலை

எங்கள் முதல் தேர்வு, எந்தக் கிளையும் சுவரொட்டி ஒட்டி விளம்பரம் செய்யாத ஒன்று: அடிப்படை வங்கிக் கணக்கு. சிங்கப்பூர் வங்கிகள் சங்கத்தின் ஏற்பாட்டில் சில்லறை வங்கிகள் தருவது. திறக்க முதல் வைப்புத்தொகை வேண்டாம், சராசரி 500-க்குக் கீழே போனால் கட்டணம் அதிகம்போனால் 2 வெள்ளி. பொது உதவி பெறுபவர்களுக்கு அதுவும் இல்லை. குறை என்னவென்றால், பேரைச் சொல்லிக் கேட்டால்தான் கொடுப்பார்கள். “சேமிப்புக் கணக்கு வேணும்” என்று பொதுவாகக் கேட்டால் அதிக லாபம் தரும் கணக்கின் படிவம்தான் முன்னால் வரும். “பேசிக் பேங்க்கிங் அக்கவுன்ட்” என்று அந்தப் பேரிலேயே கேளுங்கள்.

அடுத்தது செயலி வங்கிகள்: ஜிஎக்ஸ்எஸ், மாரிபேங்க், டிரஸ்ட். குறைந்தபட்ச இருப்பு இல்லை, சிங்பாஸ் இருந்தால் சில நிமிடத்தில் கணக்குத் திறந்துவிடும், 100,000 வெள்ளி வரை வைப்புக் காப்புறுதியும் மற்ற வங்கிகளைப் போலவே உண்டு. அவசரத்துக்கு அருமையான இடம். ஆனால் ரொக்கம் போட, பாஸ்புக் பார்க்க, நேரில் போய்ச் சண்டைபோட வழியில்லை. எல்லா கைரோ நிறுவனங்களும் இவற்றை ஏற்கின்றனவா என்பதையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வேலை அனுமதிக்காரர்களை எல்லாச் செயலி வங்கிகளும் எடுப்பதில்லை. ஒரு சின்ன எச்சரிக்கை: சேமிப்புக் கணக்குக்கு விண்ணப்பிக்கும் திரையிலேயே அட்டையும் கடனும் சேர்த்துக் கேட்பார்கள். அந்தப் பெட்டியில் குறியிட்டால் அது கடன் விசாரணையாகப் பியூரோவில் பதியும். மதிப்பெண் ஏற்கெனவே தள்ளாடுகிறது என்றால் அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள்.

நிதிக் குற்றப் பின்னணியால் எந்த வங்கியும் சேர்க்காதவர்களுக்கு, பரிவர்த்தனை வரம்போடு கூடிய வரையறுக்கப்பட்ட கணக்கு என்று ஒன்று உள்ளூர் வங்கிகளில் இருக்கிறது. சம்பளம் வாங்கவும் கட்டணம் கட்டவும் போதும். அதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது.

வேலை அனுமதியில் இருப்பவர்களின் கணக்கு முடங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கடன் அல்ல, தேதி. அனுமதி புதுப்பிக்கப்பட்டாலும் வங்கிப் பதிவில் பழைய காலாவதித் தேதியே நிற்கும். அந்த நாள் வந்ததும் செயலி பூட்டிக்கொள்ளும். புது அனுமதி கையில் கிடைத்த அன்றே வங்கியில் மாற்றிவிடுங்கள். ஊருக்கே திரும்புகிறீர்கள் என்றால் கடைசிச் சம்பளம் விழுந்த பிறகு, விமானம் ஏறுமுன் மூடுங்கள். உள்ளூர்க் கைபேசி எண் செத்த பிறகு அங்கிருந்து மூடுவது பெரும்பாடு.

தேக்கா பக்கம் அதிகம் நடப்பது இன்னொன்று. ஐந்தாறு பேர் ஒருவர் கணக்கில் போட, அவர் அன்றைக்கே மொத்தமாக ஊருக்கு அனுப்புவது. நல்ல மனதோடு செய்யும் உதவிதான். வங்கிக் கணினிக்கு அது உண்டியல் வியாபாரம், அதாவது உரிமமில்லாமல் ஊருக்குப் பணம் அனுப்பும் தொழில், மாதிரியே தெரியும்: பலரிடமிருந்து சிறு தொகை, அன்றே முழுதும் வெளியே, இருப்பு பூஜ்யம். 2023 ஆகஸ்டில் 3 பில்லியன் வெள்ளிக் கள்ளப்பணத்தை நல்ல பணமாக்கிய வழக்கு வெளிவந்த பிறகு வங்கிகளின் பிடி இன்னும் இறுகியது. 2024 பிப்ரவரியிலிருந்து கணக்கையோ சிங்பாஸையோ பிறருக்குக் கொடுப்பவர்கள் மீது நடவடிக்கை எடுப்பதும் சட்டப்படி எளிதாகிவிட்டது. இந்தக் காரணத்தால் கணக்குப் போனால், கடன் மதிப்பெண் ஏஏ ஆக இருந்தாலும் காப்பாற்றாது.

மூடும் தேதிக்கு முன்

புதுக் கணக்கு முதலில், மற்றதெல்லாம் பிறகு. அது கைக்கு வந்ததும் சம்பளப் பிரிவிடம் கணக்கு எண்ணை மாற்றுங்கள். சம்பளப் பட்டியல் மாதத்தின் நடுவிலேயே பூட்டப்படும் நிறுவனங்கள் உண்டு, 25-ஆம் தேதி சொன்னால் அடுத்த மாதம்தான். பிறகு பேநவ்வில் கைபேசி எண், அடையாள அட்டை எண் இரண்டையும் பழைய வங்கியிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டுங்கள். பழையதில் கழற்றாமல் கணக்கு மூடப்பட்டால், புது வங்கி “ஏற்கெனவே இணைக்கப்பட்டுள்ளது” என்று சொல்லி நாளைக் கடத்தும்.

கைரோதான் அதிகம் கடிக்கும் இடம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக் கடன், நகர மன்றத்தின் சேவை, பராமரிப்புக் கட்டணம், எஸ்பி, வருமான வரித் தவணை, காப்புறுதி, கைபேசி என்று ஒவ்வொன்றும் தனித்தனி அனுமதி. வங்கி மாறினால் எதுவும் தானாக மாறாது. இகைரோவை (இணையவழிக் கைரோ விண்ணப்பம்) ஏற்கும் நிறுவனங்களில் மாற்றம் விரைவாக முடியும், காகிதப் படிவம் என்றால் வாரக்கணக்கு. இடைப்பட்ட மாதத்தைப் பேநவ் அல்லது ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்தில் கையால் கட்டுங்கள். காப்புறுதியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தவறவிடாதீர்கள். சலுகைக் காலம் தாண்டிக் காலாவதியானால், இடையில் வந்த சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் புதுப் பாலிசியில் விலக்காகிவிடலாம்.

கணக்கு அறிக்கைகளை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். மூடிய மறுநாள் செயலி உள்ளேயே விடாது, பழைய பிரதிக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். கணக்கே இல்லாத இடைவெளியில் அரசாங்கத் தொகை வரவேண்டியிருந்தால் கவ்கேஷ் இருக்கிறது, ஓசிபிசி ஏடிஎம்மில் எடுக்கலாம்.

கடனைத் தீர்க்க உதவும் சேவைகள்

கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் ஓர் அறநிறுவனம். முதலில் விளக்கக் கூட்டம், பிறகு எல்லாக் கடன் விவரங்களையும் நிரப்பிக் கொடுத்து ஆலோசகரைப் பார்ப்பது, அதன்பின் வங்கிகளிடம் தவணைத் திட்டம் முன்வைப்பது. வட்டி கணிசமாகக் குறையும், காலம் நீளும். வங்கிகள் ஒப்புக்கொண்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அட்டைகளும் போய்விடும். வேலை மெதுவாக நடக்கும். ஆனால் எந்தப் பொருளையும் தலையில் கட்டாத இடம் இது. எங்கள் பார்வையில் நான்கு நட்சத்திரம்.

கடன் ஒருங்கிணைப்புத் திட்டம் 2017 ஜனவரியில் வந்தது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். ஆண்டு வருமானம் 120,000-க்குக் கீழே இருக்க வேண்டும், வட்டி ஏறும் பிணையில்லாக் கடன் மாத வருமானத்தில் 12 மடங்கைத் தாண்டியிருக்க வேண்டும். இதன் பெரிய குறையே அந்தக் கடைசி நிபந்தனைதான். 2,800 சம்பளத்தில் 20,000 கடன் வைத்துத் தவிப்பவருக்கு இடம் கிடையாது. 33,600-ஐத் தாண்டி மூழ்கிய பிறகுதான் கயிறு போடுகிறார்கள்.

நொடிப்பு மனு வரை போய்விட்டால், கடன் 150,000-ஐத் தாண்டாதவருக்கு அதிகபட்சம் 5 ஆண்டில் கட்டும் திட்டத்துக்கு நீதிமன்றம் வழிவிடலாம். நேரடியாக விண்ணப்பிக்க முடியாது.

நிதித் துறைப் பூசல்களைத் தீர்க்கும் ஃபிட்ரெக்கைப் பலர் கடைசி நம்பிக்கையாக நினைக்கிறார்கள். வங்கி தவறாகப் பிடித்த கட்டணம், திருப்பித் தராத மிச்சப் பணம் போன்றவற்றுக்கு அது நல்ல இடம். வங்கியின் இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். ஆனால் “என் கணக்கை ஏன் மூடினார்கள், திறக்கச் சொல்லுங்கள்” என்பது வங்கியின் வணிக முடிவு, அதில் அவர்கள் தலையிடுவதில்லை. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் அதிகம்.

அட்டைக் கடனை ஒரேயடியாக அடைத்துக் கணக்கை முடிக்கிறவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அறிக்கையில் 4,200 என்று இருந்ததை 12 நாள் கழித்து அப்படியே 4,200 கட்டுவார்கள். அந்த 12 நாளின் வட்டி, நாளுக்கு ஏறக்குறைய 3 வெள்ளி 20 காசு வீதம் 38 வெள்ளி 39 காசு, அடுத்த அறிக்கையில்தான் வரும். அட்டையை வெட்டிப் போட்டாயிற்று, செயலியையும் நீக்கியாயிற்று, அந்த அறிக்கையை யார் பார்ப்பது? 38 வெள்ளிக்குத் தாமதக் கட்டணம் ஏறக்கூடும், 30 நாள் தாண்டினால் சுத்தமாக இருந்த வரிசையில் ஒரு பி விழும். ஆகவே அறிக்கைத் தொகையைக் கட்டாதீர்கள். வங்கியை அழைத்து, “இன்ன தேதியில் மொத்தமாக முடிக்க எவ்வளவு?” என்று தேதி சொல்லிக் கேளுங்கள். அதே தேதியில் அந்தத் தொகையைக் கட்டி, நிலுவை இல்லை என்ற கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து இன்னொரு கடன் அறிக்கை எடுத்து, அந்தக் கணக்கின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள்.